ஒரு நாட்டின் நாட்டம் மாறுமா?

வட ஆற்காட்டு மண்ணில் பிறந்து வளர்ந்தோர்க்கு ஜவ்வாது மலை நாள்தோறும் கண்ணில் படும் காட்சி. அதன் வடமேற்கே பாலாற்றுப் பள்ளத்தாக்கு; அங்கே ஆம்பூரும் வாணியம்பாடியும் உள்ளன. மேற்கே திருப்பத்தூர், தெற்கே செங்கம், கிழக்கே போளூர். மலையின்மேல் ஜமுனாமரத்தூர், புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு எனப் பரந்து கிடப்பவை பழங்குடி மக்களின் ஊர்கள். 'மலையாளி' என்பது இம்மக்களின் பெயர். அப்பெயர் ஈண்டுக் கேரள நாட்டாரைக் குறிப்பதன்று. இவர்கள் பேசுவது தமிழே.

தேர்தல் காலம் வந்துவிட்டால் இம்மலையைச் சுற்றி இருவகைப் பேச்சு எழும். "மலை ஓட்டு இன்ன கட்சிக்கு, அது மாறாது" என்பது ஒன்று. "பள்ளிவாசல் தெரு ஓட்டு இன்ன அணிக்கு, அதைப் பற்றிக் கவலையே வேண்டாம்" என்பது மற்றொன்று. மலைவாழ் மக்களும் சரி, அடிவாரத்து முஸ்லிம்களும் சரி, பிறக்கும்போதே ஒரு சின்னத்தோடு பிறந்தவர்கள் போலவும், அவர்கள் மனத்தில் புதிய எண்ணம் எதுவும் முளைக்காது போலவும் பேசுவோர் பலர். பழமையில் ஊறிய ஒரு நிலப்பகுதியின் அரசியல் நாட்டம் மாறவே மாறாதா? மாறுமெனில் எப்பொழுது, எக்காரணங்களால் மாறும்? நம் மாநிலத்து வரலாற்றையே சான்றாக வைத்து இவ்வினாவை ஆராய்வோம். இது வெறும் ஏட்டு வினா அன்று. 'மாறாதவர்' என்று ஒருமுறை பெயர் வாங்கிவிட்ட மக்களுக்கு என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பது இதில் அடங்கியிருக்கிறது.

இப்னு கல்தூனின் கணக்கு

அரசுகளின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் ஓர் ஒழுங்குக்குள் வைத்து ஆராய்ந்தவர்களுள் தலைசிறந்தவர் அறிஞர் இப்னு கல்தூன். 1332இல் தூனிஸ் நகரில் பிறந்து 1406இல் கெய்ரோவில் மறைந்த அப்பெருமகனார், 1377இல் எழுதிய 'முகத்திமா' என்னும் நூலில் ஒரு கணக்கைத் தருகிறார். ஒரு மரபின் ஆட்சி பெரும்பாலும் மூன்று தலைமுறைகளுக்கு மேல் நிலைப்பதில்லை. தலைமுறை ஒன்றுக்கு நாற்பது ஆண்டு என்பது அவர் கருத்து. முதல் தலைமுறையினர் இன்னல்பட்டு, 'அஸபிய்யா' எனும் கூட்டுணர்வால் ஒன்றுபட்டு, ஆட்சியை அமைக்கின்றனர். இரண்டாம் தலைமுறையினர் அவ்வின்னலைக் கண்ணால் கண்டவர்கள். எனவே ஓரளவு காக்கின்றனர். மூன்றாம் தலைமுறைக்கோ ஆட்சி என்பது பிறப்புரிமையாகத் தோன்றுகிறது, கூட்டுணர்வு கரைகிறது.

வாளால் வந்த அரசுகளைப் பற்றி அவர் எழுதியதை வாக்குச்சீட்டால் வரும் அரசுகளுக்கு அப்படியே பொருத்திவிட இயலாது. ஆயினும், எந்தப் பற்றும் நிலத்தில் விளைவதன்று, மனிதர் கூடிப் படைப்பதே, படைத்தது தேயவும் கூடும் என்ற அவருடைய அடிப்படைக் கருத்து நமக்குப் பெரிதும் உதவும்.

'இருண்ட மாகாணம்'

ஆங்கிலேயர் காலத்தில் சென்னை மாகாணத்துக்கு 'இருண்ட மாகாணம்' என்றொரு பட்டப்பெயர் உண்டு. வங்காளமும் பம்பாயும் கொந்தளித்த நாட்களில் சென்னை அமைதியாய்க் கிடந்தது. புதுமைக்கு இடம் கொடாத பழமைவாத மண் என்று அதனை எள்ளி நகையாடினர். 1920இல் நடந்த தேர்தலைக் காங்கிரஸ் புறக்கணிக்க, நீதிக்கட்சி ஆட்சிக்கு வந்தது. இடையில் 1926 முதல் 1930 வரை தவிர, 1937 வரை அக்கட்சியின் ஆட்சியே நடந்தது. ஜமீன்தார்களும் பெருநிலக்கிழார்களும் செல்வரும் அதன் தூண்களாய் விளங்கினர். அத்தூண்கள் சரியும் என்று 1930களின் தொடக்கத்தில் எவரேனும் கூறியிருந்தால் நகைத்திருப்பர்.

1937இல் நடந்தது என்ன? மொத்தம் 215 இடங்கள் கொண்ட சட்டசபையில் காங்கிரஸ் 159 இடங்களைப் பிடித்தது. முதலமைச்சராயிருந்த பொப்பிலி அரசர் தம் சொந்தத் தொகுதியிலேயே வி. வி. கிரியிடம் தோற்றார். நீதிக்கட்சி நற்பணிகள் எவற்றையும் செய்யாத கட்சி அன்று. ஆனால் அது மாளிகைகளின் வழியாக மக்களிடம் பேசியது. காங்கிரஸ் தெருவுக்கு வந்து நேரடியாகப் பேசியது. இடைநின்றவர் பிடி தளர்ந்த இடத்தில் நாட்டம் மாறியது.

வட ஆற்காடு தந்த பாடம்

வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்த பின் நடந்த முதல் பொதுத்தேர்தல் 1952ஆம் ஆண்டுத் தேர்தல். விடுதலை பெற்றுத் தந்த கட்சி என்ற பெருமையோடு நின்ற காங்கிரசுக்கு, சென்னை மாநிலத்தின் 375 இடங்களுள் 152 மட்டுமே கிடைத்தன. வட ஆற்காட்டில் எம். ஏ. மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சியும், தென் ஆற்காட்டில் எஸ். எஸ். ராமசாமிப் படையாட்சியாரின் உழைப்பாளர் கட்சியும் காங்கிரசுக்குப் பெரும் தடையாய் எழுந்தன. முன்னது 6 இடங்களையும் பின்னது 19 இடங்களையும் வென்றன. 1949இல் தோன்றிய திராவிட முன்னேற்றக் கழகம் அத்தேர்தலில் நேரே போட்டியிடாமல் இத்தகையோர்க்கு ஆதரவு தந்தது.

அடுத்து நடந்ததுதான் நம் ஆய்வுக்கு முதன்மையானது. ராஜாஜி அமைச்சரவையில் மாணிக்கவேலு நாயக்கர் இடம்பெற்றார். 1954இல் காமராசர் முதலமைச்சரானபோது படையாட்சியாரும் அமைச்சரானார். இரு கட்சிகளும் காங்கிரசில் கரைந்தன. தலைவர்கள் சென்றுவிட்டனர், இனி வட ஆற்காடு காங்கிரசின் கோட்டையே என்று அரசியல் வல்லுநர் முடிவு கட்டினர். 1957 தேர்தல் வந்தது. கழகம் முதன்முறையாகக் களத்தில் இறங்கி, நாடு முழுவதிலும் இரண்டே நாடாளுமன்ற இடங்களை வென்றது. ஒன்று, ஈ. வெ. கி. சம்பத் வென்ற நாமக்கல். மற்றொன்று, ஜவ்வாது மலையின் அடியிலிருக்கும் திருவண்ணாமலை. அங்கு வென்றவர் இரா. தருமலிங்கம்.

தலைவர் கைகுலுக்கி அமைச்சராகிவிட்டால் பின்னால் நின்ற மக்கள் அனைவரும் மூட்டையோடு சேர்ந்து போய்விடுவதில்லை. இது வட ஆற்காடு தமிழகத்துக்குத் தந்த பாடம். மக்களின் நாட்டத்தைத் தலைவர்கள் குத்தகைக்கு எடுத்திருக்கலாம். கிரயம் வாங்கியவர் எவருமில்லை.

1967இல் மாறியது எது?

1962இல் காங்கிரஸ் 206 இடங்களுள் 139ஐ வென்றது. காஞ்சிபுரத்தில் அறிஞர் அண்ணாவே தோற்றார். கழகம் 50 இடங்கள் பெற்றது உண்மை; ஆயினும் காங்கிரசின் அரண் அசையாது என்றே பலரும் எண்ணினர். ஐந்தே ஆண்டுகளில் அந்த அரண் வீழ்ந்தது. 1967இல் கழகம் 137 இடங்களை வென்று ஆட்சியமைத்தது. முதலமைச்சர் பக்தவத்சலம் தோற்றார். விருதுநகரில் காமராசரை, மாணவர் தலைவராயிருந்த பெ. சீனிவாசன் 1,285 வாக்குகள் வேறுபாட்டில் வென்றார்.

இதைக் கண்டவர்கள் தமிழகமே ஓர் இரவில் புரண்டு படுத்துவிட்டது என்றனர். வாக்குக் கணக்கு வேறொன்றைச் சொல்கிறது. 1962இல் காங்கிரஸ் பெற்ற வாக்கு ஏறத்தாழ 46 விழுக்காடு. 1967இல் ஏறத்தாழ 41 விழுக்காடு. அதாவது, நூற்றுக்கு ஐவர் மட்டுமே அக்கட்சியை விட்டு அகன்றனர். வென்ற கழகம் தனியே பெற்ற வாக்கும் 41 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவே. காங்கிரஸ் தோற்றது, சிதறிக் கிடந்த எதிர்ப்பு ஒரு பானையில் சேர்ந்ததனால்தான். கழகத்தோடு ராஜாஜியின் சுதந்திரக் கட்சி, மார்க்சிஸ்ட் கட்சி, காயிதே மில்லத் இஸ்மாயீல் ஸாஹிப் தலைமையிலான முஸ்லிம் லீக் முதலியன ஓரணியில் நின்றன. 1938இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கிய ராஜாஜியும், அதனை எதிர்த்துச் சிறை சென்றவர்களின் வழிவந்தவர்களும் ஒரே மேடையில் அமர்ந்தனர்!

நூற்றுக்கு ஐவரை அசைத்தது எது? 1965இல் மூண்ட இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சி மாணவர் தலைமுறையை அசைத்தது. அரிசித் தட்டுப்பாடு தாய்மாரை அசைத்தது. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற கழகத்தின் வாக்குறுதி அடுக்களை வரை சென்றது. படிப்பகங்களிலும் தேநீர்க் கடைகளிலும் முடி திருத்தும் நிலையங்களிலும் ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் கேட்ட செய்தித்தாள்கள், ஊர்ப் பெரியவரின் சொல்லுக்குப் போட்டியாக வேறொரு சொல்லை ஊருக்குள் கொண்டு வந்தன.

பழமை தோற்றதா?

ஈண்டு ஓர் ஐயம் எழலாம். பகுத்தறிவு பேசிய இயக்கத்தின் வழிவந்த கட்சி வென்றதே. அப்படியாயின் தமிழகம் தன் பழமைப் பற்றைத் துறந்துவிட்டதா? இல்லை. கோயில்கள் மூடப்படவில்லை, பள்ளிவாசல்களும் குறையவில்லை. திருவண்ணாமலையில் முழுநிலா நாளில் கிரிவலம் வருவோர் கூட்டம் கழகங்கள் ஆண்ட காலத்திலேதான் பெருகிற்று. மக்கள் தம் நெஞ்சில் போற்றியதை விட்டுக்கொடுத்து ஆட்சியை மாற்றவில்லை. அதனை வைத்துக்கொண்டே மாற்றினர். மாற்றத்தை நாடிய கட்சியும் பாதி வழி இறங்கி வந்தது. கடவுள் மறுப்பைத் தன் கொள்கையாக அது வைத்துக்கொள்ளவில்லை. தனி நாட்டுக் கோரிக்கையை 1963இல் கைவிட்டது. பற்றுமிக்க மக்களை நோக்கி, 'உங்கள் பற்று தவறு' என்று சொன்னவர் வென்றதில்லை. 'உங்கள் பற்றுக்கு என்னாலும் காவலனாக இருக்க முடியும்' என்று காட்டியவரே வென்றனர்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய விந்தையன்று. அமெரிக்காவின் தென் மாநிலங்கள் உள்நாட்டுப் போருக்குப் பின் ஏறத்தாழ நூறாண்டுக் காலம் ஜனநாயகக் கட்சியின் அசையாத கோட்டையாய் இருந்தன. 1964இல் குடியுரிமைச் சட்டமும் 1965இல் வாக்குரிமைச் சட்டமும் வந்த பின், வெள்ளையரில் பெரும்பாலோர் படிப்படியாகக் குடியரசுக் கட்சிக்கு மாறினர். அவர்களுடைய பழமைப் பற்று அப்படியே இருந்தது. அது குடியிருந்த கட்சிதான் மாறியது.

டெக்சாஸ் மாநிலத்தில் 1976இல் ஜிம்மி கார்ட்டர் வென்றதற்குப் பின், 2024 வரை எந்த அதிபர் தேர்தலிலும் ஜனநாயகக் கட்சி வெல்லவில்லை. அங்கே ஸ்பானிய வழி மக்கள் பெருகப் பெருக, மாநிலம் தானாகவே கைமாறிவிடும் என்று பலர் பல்லாண்டுகளாக ஆரூடம் கூறினர். 2024இல் நடந்ததோ வேறு. மெக்சிகோ எல்லையை ஒட்டிய ஸ்டார் மாவட்டத்தில் அம்மக்களே மிகப் பெரும்பாலோர். நூறாண்டுக்கு மேலாக ஜனநாயகக் கட்சிக்கே வாக்களித்து வந்த மாவட்டம் அது. அந்த மாவட்டம் அவ்வாண்டு குடியரசுக் கட்சிக்கு வாக்களித்தது. பிறப்பை வைத்து வாக்கைக் கணித்தவர்கள் ஏமாந்தனர். தலைகளை எண்ணியவர்கள், அத்தலைகளுக்குள் ஓடிய கூலி, விலைவாசி, வேலை பற்றிய கவலைகளை எண்ணவில்லை.

வாணியம்பாடியின் கணக்கு

இனி நம் வீட்டுக்கு வருவோம். 1919இல் இஸ்லாமியாக் கல்லூரியைக் கண்ட வாணியம்பாடியை 'முஸ்லிம் லீக் தொகுதி' என்று கூறுவது பழைய வழக்கம். மர்ஹூம் எம். அப்துல் லத்தீப் ஸாஹிப் பலமுறை வென்ற தொகுதி அது. 2006இல் எச். அப்துல் பாசித் தி.மு.க. சின்னத்தில் வென்றார். ஆனால் 2011, 2016, 2021 ஆகிய மூன்று தேர்தல்களிலும் அங்கு வென்றது அ.தி.மு.க. 2016இல் அக்கட்சி சார்பில் வென்ற நிலோபர் கபீல் தொழிலாளர் நலத்துறை அமைச்சராகவும் ஆனார். 2021இல் தோற்ற வேட்பாளர் முஸ்லிம் லீகைச் சேர்ந்தவர்.

இடையே 2019இல் வேலூர் நாடாளுமன்றத் தேர்தல் வந்தது. ஏப்ரலில் நிறுத்தப்பட்டு ஆகஸ்டு 5ஆம் நாள் நடந்த அத்தேர்தலில் தி.மு.க. வேட்பாளர் 8,141 வாக்குகளில் வென்றார். அவரைக் கரையேற்றியவற்றுள் வாணியம்பாடித் தொகுதி தந்த முன்னிலை முதன்மையானது. 2016இல் ஒரு பக்கம், 2019இல் மறுபக்கம், 2021இல் மீண்டும் முதற்பக்கம்! நகரோடு சுற்றியுள்ள கிராமங்களும் சேர்ந்ததே அத்தொகுதி. எந்தத் தெரு எவருக்கு வாக்களித்தது என்று பிரித்துச் சொல்ல நாம் முற்படவில்லை. ஆனால் 'இத்தொகுதி இன்னாருக்கே' என்று கல்லில் எழுதியவர்களின் எழுத்தை இக்கணக்கு அழித்துவிட்டது. தில்லிக்கு ஒரு கண்ணும் சென்னைக்கு ஒரு கண்ணும் வைத்து மக்கள் வாக்களிக்கக் கற்றிருக்கின்றனர்.

அணிகளும் நிலையானவை அல்ல. 1998இல் அ.தி.மு.க.வும், 1999இல் தி.மு.க.வும் பாரதிய ஜனதாவுடன் கூட்டுச் சேர்ந்ததை நாம் கண்டோம். கட்சிகள் இடம் மாறும்போது மக்கள் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும் என எதிர்பார்ப்பது எங்ஙனம் நியாயமாகும்?

மலையின்மேல்

மலைமேல் நிலைமை வேறு. மலையாளி மக்கள் பழைய வட ஆற்காடு உள்ளிட்ட சில மாவட்டங்களில் பட்டியல் பழங்குடியினர். ஆயினும் ஜவ்வாது மலை திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் என மூன்று மாவட்டங்களில் பங்கிடப்பட்டுக் கிடக்கிறது. சட்டமன்றத் தொகுதிகளும் அவ்வாறே மலையைக் கூறுபோட்டிருக்கின்றன. 2008 தொகுதிச் சீரமைப்பின்படி தமிழகத்தில் பழங்குடியினர்க்கு ஒதுக்கப்பட்டவை ஏற்காடு, சேந்தமங்கலம் ஆகிய இரண்டே. ஜவ்வாது மலையின் குரல் ஒவ்வொரு தொகுதியிலும் சமவெளி வாக்குகளின் ஓரத்தில் ஒட்டிக்கொண்ட சிறு குரல். ஊர்க் கவுண்டரைக் கண்டு பேசினால் போதும், மலை நம் பக்கம் என்று வேட்பாளர்கள் எண்ணியதற்கு அடிப்படை இதுவே.

அதன் விளைவு என்ன? பிழைப்புத் தேடி இம்மலையினர் வெளியூர்களுக்கு இறங்கினர். 2015 ஏப்ரல் 7ஆம் நாள் ஆந்திரத்தின் சேஷாசலக் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று 20 பேர் காவல்துறையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனரே, அவர்களுள் மிகப் பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்தினர். ஜவ்வாது மலையினரும் அவர்களுள் இருந்தனர். மலையில் தக்க வேலை இருந்திருந்தால் அக்காட்டுக்கு அவர்கள் ஏன் போகிறார்கள்? கேட்காமலே கிடைக்கும் வாக்குக்கு எவரும் விலை கொடுப்பதில்லை என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுமோ!

ஆனால் அங்கும் காற்று வீசத் தொடங்கியிருக்கிறது. 1994இன் ஊராட்சிச் சட்டம் பழங்குடியினர்க்கு உள்ளாட்சியில் இடம் ஒதுக்கியது. 2016இல் பெண்களின் பங்கு பாதியாக உயர்ந்தது. 2024இல் ஜவ்வாது மலையைச் சேர்ந்த பழங்குடிப் பெண் ஒருவர் உரிமையியல் நீதிபதித் தேர்வில் வென்றார். திருப்பூருக்கும் கேரளத்துக்கும் கூலிக்குச் சென்று திரும்பும் இளைஞன், தான் கண்டதை ஊரில் வந்து பேசுகிறான். 1950களில் படிப்பகமும் தேநீர்க் கடையும் செய்த வேலையை இன்று கையிலுள்ள தொலைபேசி செய்கிறது. இடைநிற்பவரின் பிடி இங்கும் தளரும். எந்தக் கட்சியின் பக்கம் சாயும் என்பதை நாம் சொல்ல இயலாது. கேட்டுத்தான் பெறவேண்டிய வாக்காக அது மாறும் என்பதைச் சொல்லலாம்.

நாம் கொள்ள வேண்டியது

ஆகவே, வினாவுக்கு விடை இதுவாகும்: பழமைப் பற்றுள்ள ஒரு நாட்டின் அரசியல் நாட்டம் மாறும். ஆனால் எதிரிகள் விரும்பும் வேகத்தில் மாறாது. ஆரூடக்காரர் சொல்லும் வழியிலும் மாறாது. இடைநின்று வாக்கை வாங்கித் தருவோரின் பிடி தளர வேண்டும். சிதறிய எதிர்ப்பு ஒன்றுசேர வேண்டும். அரிசி போல, கூலி போல, மொழி போல அன்றாட வாழ்வைத் தொடும் குறை ஒன்று அடுக்களை வரை எட்ட வேண்டும். இம்மூன்றும் கூடிய இடத்தில் நூற்றுக்கு ஐவர் நகர்ந்தாலே ஆட்சி மாறிவிடும். 1967 முதல் 2021 வரை நடந்த 13 சட்டமன்றத் தேர்தல்களிலும் இரு கழகங்களுள் ஒன்றே தமிழகத்தில் ஆட்சியமைத்தது. இதையும் எவரும் இயற்கையின் நியதி என்று எண்ணிவிட வேண்டா. 1962இல் காங்கிரசார் அப்படித்தான் எண்ணினர்.

அன்புமிக்க வாசகர்களே! நிலையான நட்பு இழிவானதன்று. 1967இல் காயிதே மில்லத் அவர்கள் அமைத்த உறவால் சமுதாயம் பெற்ற மதிப்பை நாம் மறக்கலாகாது. 2007இல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு மூன்றரை விழுக்காடு தனி ஒதுக்கீடு கிடைத்ததும் கேட்டுப் பெற்றதே. ஆனால் நட்பு வேறு, அடகு வேறு. நண்பன் கேட்கலாம், கணக்குப் பார்க்கலாம், வேண்டுமாயின் விலகலாம். அடகுப் பொருளுக்கு அவ்வுரிமை இல்லை. 'இவர்கள் எங்கே போய்விடுவார்கள்?' என்று நம்மைப் பற்றி ஒரு கட்சி சொல்லுமாயின், நம் தெருவின் சாக்கடையும் நம் பிள்ளைகளின் வேலையும் பாலாற்றின் நீரும் அக்கட்சியின் நினைவிலிருந்து நழுவிவிட்டன என்றே பொருள்.

அடுத்த முறை மலை ஓட்டு, பள்ளிவாசல் ஓட்டு என்ற பேச்சு நம் திண்ணைக்கு வந்தால், 1954இல் தலைவர்கள் போன பின்னும் போகாமல் நின்ற திருவண்ணாமலை வாக்காளர்களை எண்ணிப் பார்ப்போம். அவர்கள் படித்தவர்கள் அல்லர், செல்வர்களும் அல்லர். தம் வாக்கு தமதே என்பதை மட்டும் அறிந்திருந்தனர்.